ஒரு நீர்வண்டின் நாமகரணம்

வெனிசுவேலா நாட்டின் தென்பகுதியிலே, அமசோனாஸ் மாநிலத்திலே, பெரும் பாறையொன்று சரிந்து கிடக்கின்றது. அதன்மேல் நீர் மெல்லிய படலமாக வழிந்தோடுகின்றது. அவ்வூரார் அதிற் சறுக்கி விளையாடுவர். அதனாலேயே 'காட்டுச் சறுக்கு' என்று பொருள்படும் 'தொபோகான் டி லா செல்வா' என்னும் பெயர் அவ்விடத்துக்கு வழங்குகின்றது. 1985-ம் ஆண்டிலே அந்நாட்டிற் சேகரிக்கப்பட்ட சில நீர்வண்டுகள் அறிஞரைத் திகைக்க வைத்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரிலும் சிறியது. அறியப்பட்ட எக்குடும்பத்திலும் அடங்காதது. அவ்வுருவத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்து, உறவினங்களோடு ஒப்பிட்டு, 2005-ம் ஆண்டிலே போல் ஸ்பாங்லர், வாரன் ஸ்டைனர் என்னும் இரு அமெரிக்கப் பூச்சியியலாளர் அதனை விவரித்து வெளியிட்டனர். அவர்கள் இட்ட பெயர் 'மெரு பிலிசே'. ஸ்பாங்லரின் மனைவி பெயர் பிலிஸ். அந்த ஓர் இனத்துக்காகவே 'மெருயிடே' என ஒரு புதிய குடும்பமும் வகுக்கப்பட்டது.

ஒரு மில்லிமீற்றர் நீளமும் இல்லாத உயிர் பெயர் பெறுவதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. இஃது விதிவிலக்கன்று. புதிய இனமொன்று முதன்முதற் சேகரிக்கப்படும் நாளுக்கும் அதன் விவரணம் வெளியாகும் நாளுக்குமிடையே சராசரி இருபத்தொரு ஆண்டுகள் கழிகின்றன என்று 2012-ம் ஆண்டிலே வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. இழுப்பறைகளிலும் குப்பிகளிலும் பெயரின்றிக் காத்திருக்கும் உயிர்கள் எத்தனையோ. உலகிலே ஏறத்தாழ 12,600 நீர்வண்டினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன என்றும், உண்மையில் இருப்பன 18,000 அளவினவாகலாம் என்றும் 2008-ம் ஆண்டின் மதிப்பீடு ஒன்று கூறிற்று. எஞ்சியவற்றுட் பெரும்பங்கு தென்னமெரிக்கா போன்ற வெப்ப நாடுகளின் ஓடைகளிலும் பாறைக் கசிவுகளிலும் உள்ளதெனக் கொள்வதிலே தவறிருக்காது.

இவற்றையெல்லாம் கேட்கும்போது, சமுதாயப் பற்றுள்ள வாசகர் மனத்திலே ஒரு வினா எழுவது இயல்பு. பட்டினியும் நோயும் எழுத்தறியாமையும் தீராத உலகிலே, கற்றறிந்த ஒருவர் தம் வாழ்நாளின் இருபது ஆண்டுகளை ஒரு வண்டின் முதுகிலுள்ள குழிகளை எண்ணுவதிற் செலவிடுவது நியாயமா? வெனிசுவேலாவின் சுரங்கத் தொழிலாளிக்கோ பிறேசிலின் நிலமற்ற விவசாயிக்கோ இதனால் விளைவது யாது? இவ்வினாவை அறியாமையின் குரல் என்று ஒதுக்கிவிடுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. அறிவுத்துறை ஒவ்வொன்றும் எப்பொழுதாவது எதிர்நோக்க வேண்டிய வினா இது. மறுமொழி கூறத் துணியாத துறை தன்மேலேயே ஐயங்கொண்ட துறையாகும்.

வழக்கமாக இரு மறுமொழிகள் கூறப்படுவதுண்டு. ஒன்று, இன்று பயனற்றதாகத் தோன்றும் பூச்சியிலிருந்து நாளை ஓர் அரிய மருந்து கிடைக்கலாம் என்பது. பணம் ஒதுக்குவோரைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லப்படும் இவ்வார்த்தை, கடன் கேட்பவன் கூறும் நாளைக் கதையைப் போன்றதுதான். மெரு பிலிசேயை ஆராய்ந்தவர் மருந்து தேடி ஆராயவில்லை. மற்றையது, அறிவு அறிவுக்காகவே என்பது. கலை கலைக்காகவே என்ற கூற்றை நாம் எவ்வளவு ஐயத்தோடு நோக்குகின்றோமோ அவ்வளவு ஐயம் இதற்கும் உரியது. அறிவு வெற்றிடத்திலே பிறப்பதில்லை. யாரோ ஒருவர் பணம் கொடுக்கிறார், யாரோ ஒருவர் படகு வலிக்கிறார், யாரோ ஒருவரின் நிலத்திலிருந்து மாதிரி எடுக்கப்படுகின்றது. ஆகவே இவ்விரண்டையும் விடுத்து, விவரணம் என்னும் அத்தொழில் உண்மையில் யாது என்பதை முதலில் நோக்குவோம்.

இனமொன்றைப் புதிதென்று கூறுவது எளிதாகத் தோன்றலாம். ஆனால் 'இது புதிது' என்ற அந்தச் சிறு வாக்கியத்துள்ளே 'இதற்கு முன் அறியப்பட்ட யாவற்றையும் நான் பார்த்தேன். அவற்றுள் எதுவும் இதுவன்று' என்ற பெருங் கூற்று அடங்கியிருக்கிறது. அதனைக் கூறும் உரிமையைப் பெறுவதற்காக ஆய்வாளர் முந்திய நூல்களைத் தேடவேண்டும். 1882-ம் ஆண்டிலே டேவிட் ஷார்ப் என்னும் ஆங்கிலேயர் நீர்வாழ் ஊனுண்ணி வண்டுகளைப் பற்றி எழுதிய பெருநூல் போன்றவற்றை வரிவரியாகப் படிக்கவேண்டும். மூலமாதிரிகளைப் பல நாட்டு நூதனசாலைகளிலே தேடிப் பார்க்கவேண்டும். வெளித்தோற்றத்தில் வேறுபாடு காட்டாத இரு வண்டுகள், ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வளைவிலே மாத்திரம் வேறுபடுதல் உண்டு. ஆகவே காய்ந்த மாதிரியை நீரில் ஊறவைத்து மென்மையாக்கி, ஊசி முனையாலே அவ்வுறுப்பைப் பிரித்தெடுத்து, வரைந்து, அளந்து, மீண்டும் அவ்வண்டோடு சேர்த்துச் சிறு அட்டையில் ஒட்டி வைக்கவேண்டும். அதன்பின் ஒரு மாதிரியைத் தெரிந்து அதற்கு மூலமாதிரி என்ற தகுதி கொடுக்கப்படுகின்றது. அன்று முதல் அப்பெயர் அந்த ஒரு சடலத்தோடு பிணைக்கப்பட்டதாகும். பின்னாளில் ஐயம் எழுந்தால் யாரும் சென்று அதனைப் பார்க்கலாம்.

இதிலே மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பெரும் பேராசிரியர் கூறியது என்பதற்காக ஓர் இனம் நிலைத்துவிடுவதில்லை. ஊர்பேர் தெரியாத ஒரு மாணவன் அம்மூலமாதிரியைப் பார்த்து, 'இஃது ஏலவே பெயர் பெற்றதுதான்' என்று காட்டினால், பேராசிரியரின் பெயர் வீழ்ந்து பழைய பெயர் எழும். சான்று பொதுவாக வைக்கப்படுகின்றது. மறுக்கும் உரிமை எவருக்கும் உண்டு. ஆதாரமின்றி ஆணையிடும் உலகிலே, ஒரு மில்லிமீற்றர் வண்டைப் பற்றிக்கூட ஆதாரத்தை முன்வைத்தே பேசவேண்டும் என்னும் இவ்வொழுக்கம் சிறியதென்று நான் எண்ணவில்லை. (எங்கள் விலங்கியற் பாடநூல்கள் இனங்களின் தொகுதியைச் 'சாதி' என்று குறிப்பது எனக்கு எப்போதும் நெருடலாகவே இருந்துவந்துள்ளது. வண்டுகளின் சாதியாவது, புதிய சான்று கிடைத்ததும் மாற்றி எழுதப்படுகின்றது.)

ஆனால் 'எவரும் சென்று பார்க்கலாம்' என்ற அந்தச் சொல்லிலேதான் வரலாறு குறுக்கிடுகின்றது. எங்கே சென்று பார்ப்பது?

பீகிள் என்னும் கப்பலிலே 1831 முதல் 1836 வரை பயணஞ் செய்த டார்வின் தென்னமெரிக்காவிலே சேகரித்தவற்றுள் நீர்வண்டுகளும் இருந்தன. அவற்றை அவர் தாமே விவரிக்கவில்லை. கேம்பிறிட்ஜிலே தாவரவியலாளராகப் பின்னர் பெயர்பெற்ற சார்ள்ஸ் பாபிங்டன் என்பாரிடம் அவை ஒப்படைக்கப்பட்டன. 'டார்வினின் டிற்றிசிடே' என்று பொருள்படும் இலத்தீன் தலைப்போடு அவர் எழுதிய கட்டுரை 1841-ம் ஆண்டிலே இலண்டன் பூச்சியியற் கழகத்தின் ஏட்டிலே வெளிவரத் தொடங்கியது. தென்னமெரிக்கக் குளங்களிலே நீந்திய வண்டுகள் தம் சேகரிப்பாளரின் பெயரைத் தலைப்பிலே தாங்கின. அக்குளங்களின் அருகே வாழ்ந்தோரின் பெயருக்கு அங்கே இடமில்லை. 1848-ம் ஆண்டிலே அமேசனுக்குச் சென்ற ஹென்றி வோல்டர் பேட்ஸ் என்பாரின் கதை வேறொரு வகையானது. லெஸ்ற்றர் நகரத்திலே காலுறை வணிகரிடம் பயிலுநராக இருந்தவர் அவர். சீமான் வீட்டுப் பிள்ளையல்லர். பதினொரு ஆண்டுகள் அங்கே தங்கி 14,712 விலங்கினங்களைச் சேகரித்தார். அவற்றுள் ஏறத்தாழ 8,000 அறிவியலுக்குப் புதியவை. இலண்டனிலிருந்த முகவர் ஒருவர் அவற்றை விற்று அனுப்பிய பணத்திலேயே அவர் உண்டு உடுத்தார். எளிய மனிதரின் அயரா உழைப்பு அது என்பதிற் சந்தேகமில்லை. ஆயினும் அவ்வுழைப்பின் பலனும் அதே கடல்வழியே, சர்க்கரையும் இறப்பரும் சென்ற திசையிலேயே சென்றது. தனி மனிதரின் நேர்மை, அவர் நிற்கும் அமைப்பின் நேர்மையாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் தேடவேண்டியதில்லை.

இவ்விடத்தில் மெகாடைற்றிஸ் டுகாலிஸ் என்னும் வண்டைப் பற்றிக் கூறவேண்டும். உலகிலுள்ள முக்குளி வண்டுகளுள் மிகப் பெரியது அதுவே. நீளம் ஏறத்தாழ 4.75 சென்ரிமீற்றர். முற்கூறிய ஷார்ப் 1882-ம் ஆண்டிலே அதனை விவரித்து, கோமகனுக்குரியது என்னும் பொருள்பட 'டுகாலிஸ்' என்று பெயரிட்டார். நெடுங்காலமாக அறிஞர் அறிந்திருந்தது இலண்டனிலிருந்த ஒரேயொரு மாதிரியை மாத்திரமே. பிறேசில் என்பதன்றி அது வந்த இடம் எதுவென்று திட்டமாக அறிய வழியிருக்கவில்லை. பிறேசில் என்பது ஓர் ஊரா? ஐரோப்பாவின் பெரும்பகுதியை உள்ளே வைக்கக்கூடிய நாடு. தேட வேண்டிய குளம் எதுவென்று தெரியாதபடி, அவ்வினம் அழிந்துவிட்டது என்று 1996-ம் ஆண்டிலே செந்நிறப் பட்டியலிலே எழுதப்பட்டது. பின்னர் 2019-ம் ஆண்டில் ஒரு செய்தி வெளிவந்தது. பாரிஸ் நூதனசாலையின் பழஞ் சேகரிப்பிலிருந்து அதே இனத்தின் மேலும் பத்து மாதிரிகள் இனங்காணப்பட்டன. அவற்றின் சீட்டுகளிலே இடம் குறிக்கப்பட்டிருந்தது: சாந்தோ அந்தோனியோ டா பாரா, இன்று பாஹியா மாநிலத்திலுள்ள கொந்தேயூபா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பிடிக்கப்பட்ட அவ்வண்டுகள் நூறாண்டுக்கு மேலாக அங்கே கிடந்திருக்கின்றன. தன் நாட்டின் மிகப் பெரிய நீர்வண்டு எந்த மாநிலத்தின் நீரில் வாழ்ந்தது என்பதை அறியப் பிறேசிலின் மாணவன் பாரிஸிலே யாரோ ஒருவர் ஒரு பெட்டியைத் திறக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலியதுமாகும். 2018-ம் ஆண்டு செப்ரெம்பர் 2-ம் நாள் இரவு, றியோ டி ஜனைரோவிலிருந்த பிறேசில் தேசிய நூதனசாலை எரிந்தது. 1818-ம் ஆண்டிலே தொடங்கப்பட்ட நிறுவனம் அது. பூச்சியியற் பிரிவிலே இருந்த ஏறத்தாழ 50 இலட்சம் மாதிரிகள் அழிந்தன. 'பார்த்தீர்களா, இலண்டனிலே இருந்தவை தப்பின' என்று அன்று சிலர் கூறினர். ஆனால் அத்தீ பிறேசிலின் வெப்பத்திலிருந்து எழவில்லை. பராமரிப்புக்கான சொற்பப் பணமும் ஆண்டுக்கணக்கிலே வெட்டப்பட்ட கட்டடம் அது. தெளிப்பான் வசதி இருக்கவில்லை. தீயணைப்பவர் வந்தபோது அருகிலிருந்த குழாய்களிலே போதிய நீர் இருக்கவில்லை. வறுமையாக்கப்பட்டவனின் வீட்டுக்கூரை ஒழுகுவதைக் காட்டி, அவன் பொருளை நான் வைத்திருப்பதே நியாயம் என்று வாதிடுவது அடைவுகடைக்காரனின் தருக்கம். மாதிரிகளைப் பகிர்ந்து பல இடங்களிலே வைப்பது அறிவுடைமை என்று கூறினால் நான் முழுமனத்தோடு உடன்படுவேன். பகிர்வு என்பதற்கும் ஒருவழிப் பயணம் என்பதற்கும் வேறுபாடு உண்டு.

இனிப் பெயருக்கு வருவோம். 1973-ம் ஆண்டிலே ஹன்ஸ் றைக்கார்ட் என்பார் பிறேசிலின் மிகச் சிறிய நீர்வண்டுகள் சிலவற்றுக்கு 'இட்டு' என்னும் சாதிப்பெயரை அமைத்தார். தூப்பி மொழியிலே நீர்வீழ்ச்சியைக் குறிக்கும் சொல் அது. சாவோ பாவுலோ மாநிலத்திலே அச்சொல்லையே பெயராகக் கொண்ட ஊரும் உண்டு. 1980-ம் ஆண்டிலே, நாம் முன்னர்க் கண்ட அதே ஸ்பாங்லர் அச்சாதியிலே புதிய இனமொன்றைக் கண்டு அதற்கு 'இட்டு புரூட்டஸ்' என்று பெயரிட்டார். சேக்ஸ்பியரின் நாடகத்திலே குத்துண்டு விழும் சீசர் தன் நண்பனைப் பார்த்துக் கூறும் இலத்தீன் சொற்களின் ஒலி அப்பெயரிலே கேட்கும். அறிஞரின் மென்னகை. நானும் முதலிலே நகைத்தேன். தூப்பி மொழி பேசிய கடற்கரை மக்களிற் பெரும்பாலார் போர்த்துக்கேயரின் அடிமை வேட்டையாலும் அவர்கள் கொணர்ந்த நோய்களாலும் அழிந்தனர் என்பதை நினைத்தபோது அந்நகைப்பிலே ஒரு கசப்புக் கலந்தது. நீர்வீழ்ச்சியைக் குறித்த அவர்களது சொல், றோமாபுரியின் துரோகத்தைப் பற்றிய ஒரு சிலேடைக்கு மூலப்பொருளாயிற்று. இதிலே ஸ்பாங்லரைக் குற்றஞ் சாட்ட நான் முனையவில்லை. அவர் தம் வாழ்நாளை நீர்வண்டுகளுக்கு ஈந்தவர். இருபத்தைந்து ஆண்டு கழித்து அவரும் ஸ்டைனரும் 'மெரு' என்று பெயரிட்டபோதும் அஃதொரு பழங்குடிச் சொல்லாகவே இருந்தது. வெனிசுவேலாவின் பெமோன் மக்களது மொழியிலே மெரு என்றால் நீர்வீழ்ச்சி. அமெரிக்க விமானி ஒருவரின் பெயரால் உலகம் ஏஞ்சல் நீர்வீழ்ச்சி என்று வழங்குவதை அவர்கள் கெரேபாகுபை மெரு என்பர். (நம் புராணங்களின் மேருமலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலியொற்றுமையைக் கொண்டு குமரிக்கண்டத்தைத் தென்னமெரிக்காவரை நீட்ட விரும்புவோர் பொறுத்தருள்க.)

இச்சொற்கள் இவ்வாறு நிலைபெறுவதை மரியாதை என்பதா, கவர்தல் என்பதா? இரண்டில் ஒன்றையே சொல்லவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வேறு சில பெயர்களோடு ஒப்பிடும்போது இவை எத்தனையோ மேல். வெனிசுவேலாவின் முக்குளி வண்டு ஒன்றுக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பெயர் என்பாரின் பெயர் சூட்டப்பட்டு, 2009-ம் ஆண்டிலே அது பெருஞ் செய்தியாயிற்று. போர்ணியோவிலே 2018-ம் ஆண்டிற் பெயர்பெற்ற நீர்வண்டு ஹொலிவுட் நடிகர் டிகாப்ரியோவின் பெயரைச் சுமக்கின்றது. இவ்வாறு செய்தால்தான் பத்திரிகைகள் வண்டைப் பற்றி எழுதும் என்கின்றனர் அறிஞர். உண்மையாக இருக்கலாம். அவ்வாறாயின் இழிவு அறிஞரைச் சார்ந்ததா, பத்திரிகைகளைச் சார்ந்ததா?

இதனினும் சிக்கலான உதாரணம் பொலிவியாவிலே நிகழ்ந்தது. மடிடி தேசியப் பூங்காவிலே கண்டறியப்பட்ட புதிய குரங்கினம் ஒன்றுக்குப் பெயரிடும் உரிமை 2005-ம் ஆண்டிலே ஏலத்தில் விடப்பட்டது. இணையத்திலே சூதாட்டம் நடத்தும் நிறுவனமொன்று 650,000 டொலர் கொடுத்து அதனை வாங்கிற்று. அந்நிறுவனத்தின் பெயர் இலத்தீனில் 'பொன்மாளிகையினது' என்று மொழிபெயர்க்கப்பட்டுக் குரங்கின் தலையிலே ஏற்றப்பட்டது. சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அப்பணம் பூங்காவைப் பாதுகாப்பதற்குச் சென்றது. அரசு தரவேண்டிய பணத்தைச் சூதாடிகளிடம் கையேந்திப் பெறும் நிலைக்கு விஞ்ஞானி தள்ளப்பட்டிருக்கிறார் என்பதே இங்கு பொருள். அவ்வேலத்தை நடத்தியவரை இகழ எனக்கு மனமில்லை. காவலருக்கு ஊதியம் வேண்டும். ஆயினும் விலைக்கு விற்கப்படும் பெயர் என்றென்றைக்கும் விற்கப்படுகின்றது என்பதை மறத்தலாகாது.

ஏனெனில் விலங்கியலிலே ஒருமுறை முறைப்படி இடப்பட்ட பெயரை மாற்றுவது எளிதன்று. 1758-ம் ஆண்டிலே வெளிவந்த லினேயசின் நூலைத் தொடக்கமாகக் கொண்டு, முந்திய பெயரே செல்லுபடியாகும் என்பது விதி. ஸ்லொவேனியாவின் குகைகளிலே வாழும் கண்ணற்ற வண்டு ஒன்றுக்கு 1937-ம் ஆண்டிலே ஹிட்லரின் பெயர் இடப்பட்டது. இன்றும் அதுவே அதன் பெயர். நாசிப் பித்தர்கள் அதனைத் தேடிப் பிடித்து விலைகொடுத்து வாங்குகின்றனர் என்றும் பலகாலும் செய்தி வந்ததுண்டு. தன் பெயருக்காக வேட்டையாடப்படும் உயிர்! இத்தகைய பெயர்களை அறவழி நின்று மாற்றவேண்டும் என்ற கோரிக்கையை 2023-ம் ஆண்டிலே சர்வதேச விலங்கியற் பெயரீட்டு ஆணையம் ஏற்கவில்லை. பெயர்களின் நிலைபேறு குலையும், எது இழிவு என்று தீர்ப்பது தன் வேலையன்று என்றது. நிலைபேறு முக்கியமானதே. ஒரே வண்டை ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு பெயரால் அழைத்தால் அறிவு சிதறும். ஆயினும் 2024-ம் ஆண்டிலே மட்றிட் மாநாட்டிலே கூடிய தாவரவியலாளர், ஆபிரிக்க மக்களை இழிக்கும் ஒரு சொல்லை அடிப்படையாகக் கொண்ட பெயர்களைத் திருத்த வாக்களித்தனர். தாவரவியல் அதனால் இடிந்து விழுந்துவிடவில்லை. ஆணையத்தின் முடிவிலே எச்சரிக்கை உண்டு. துணிவு போதாது என்பதே என் கருத்து.

பெயரைப் பற்றி இத்தனை பேசுவது வீண் என்று தோன்றலாம். பெயர் சட்டத்தின் வாயில் என்பதை நினைத்தால் அவ்வாறு தோன்றாது. பெயரற்ற இனத்தை எப்பட்டியலிலும் சேர்க்க இயலாது. அதன் அழிவைப் பற்றி எந்த வழக்குமன்றத்திலும் முறையிட இயலாது. 2016-ம் ஆண்டு பெப்ரவரியிலே வெனிசுவேலா அரசு, ஒறினோக்கோ நதியின் தெற்கே ஏறத்தாழ 111,800 சதுர கிலோமீற்றர் பரப்பைச் சுரங்க வளைவாகப் பிரகடனஞ் செய்தது. அது நாட்டின் நிலப்பரப்பிலே ஏறக்குறைய எட்டிலொரு பங்கு. அப்பிரதேசத்துப் பொன் அகழ்விலே மண்ணிலிருந்து பொன்னைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுகின்றது. அப்பாதரசம் ஓடைகளிற் கலக்கின்றது. ஓடையிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் செல்கின்றது.

வேகமான ஓடைகளின் கற்களைப் பற்றி வாழும் எல்மிடே குடும்பத்து வண்டுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுட் பல, மூச்சுவிட மேலே வருவதில்லை. உடலிலுள்ள நுண்மயிர்கள் காற்றுப் படலமொன்றைப் பிடித்துவைத்திருக்கின்றன. அதன் வழியே நீரிலுள்ள ஒட்சிசன் உடலுட் புகுகின்றது. நீர் தெளிந்து ஒட்சிசன் நிறைந்திருந்தாலன்றி இவ்வேற்பாடு பயன்படாது. சேறும் சவர்க்காரமும் கலந்த நீரிலே அப்படலம் குலையும். வண்டு மூச்சடைத்து இறக்கும். அவ்வண்டு மறைந்த ஓடையிலே தண்ணீர் அள்ளும் பெண்ணின் குழந்தை எதைக் குடிக்கின்றது? 2015-ம் ஆண்டு நவம்பர் 5-ம் நாள் பிறேசிலின் மீனாஸ் ஜெராய்ஸ் மாநிலத்திலே இரும்புச் சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்தபோது பத்தொன்பது பேர் இறந்தனர். சேறு டோசே நதி வழியே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் சென்று கடலிற் கலந்தது. மீனவர் வலையை மடித்துவைத்தனர். அந்நதியை வாட்டு என்று அழைத்து உறவாகக் கொண்டாடும் கிறெனாக் பழங்குடியினர், தம் மூத்தோர் ஒருவரை இழந்தவர்போல் வருந்தினர். அவ்வோடைகளின் வண்டுகளுள் எத்தனை பெயர் பெறுமுன்னே சேற்றுள் மடிந்தன என்று இனிக் கணக்கிட வழியில்லை. வண்டா மனிதனா என்று கேட்பவர், இருவரும் ஒரே நீரை நம்பி வாழ்வதைக் காணத் தவறுகின்றனர். தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு என்னாற் கூறக்கூடிய மறுமொழி இதுவே.

ஆனால் மறுமொழியைக் கூறியதோடு எச்சரிக்கையும் வேண்டியிருக்கின்றது. உயிரினங்களைக் காத்தல் என்ற பெயரால் மனிதரைக் காட்டைவிட்டுத் துரத்தியதும் வரலாற்றில் உண்டு. 1962-ம் ஆண்டிலே அமைக்கப்பட்ட கனைமா தேசியப் பூங்கா பெமோன் மக்களின் நிலத்தின்மீதே அமைந்தது; பூங்காவின் எல்லைகளை வரைந்தவர் அம்மக்கள் அல்லர். வண்டின் பெயர் கொண்டு குடியானவனை வெளியேற்றுவதும், பொன்னின் பெயர் கொண்டு வெளியேற்றுவதும் வெளியேற்றப்படுபவனுக்கு ஒன்றுதான்.

'கண்டுபிடிப்பு' என்ற சொல்லையும் இவ்விடத்திலே சற்று நிறுத்துப் பார்க்கலாம். காட்டுவாசிகள் யாவற்றையும் ஏற்கனவே அறிந்திருந்தனர் என்று கூறுவோர் அவர்களைப் புகழ்வதாக எண்ணிக்கொள்கின்றனர். ஒரு மில்லிமீற்றர் வண்டின் உறுப்பமைப்பை நுணுக்குக்காட்டி இல்லாத எவரும் அறிந்திருக்க முடியாது. அதனை அறிந்தது புதிய அறிவேயாகும். ஆனால் எந்தப் பாறையிலே ஆண்டு முழுவதும் நீர் கசியும், எந்த ஓடை மாரியிலே கலங்கும், எவ்வழியே படகு செல்லும் என்ற அறிவின்றி அந்நுணுக்குக்காட்டியின் கீழே வைப்பதற்கு எதுவும் கிடைத்திருக்காது. சுரிநாமின் தெற்கேயுள்ள குவமலசமுட்டு என்னும் கிராமம் த்ரியோ மக்களின் ஊர். அப்பகுதியிலே 2010-ம் ஆண்டிலே நடந்த ஆய்வின் பயனாக, மறு ஆண்டு ஊசைக்ளஸ் என்னும் சாதியிலே புதிய நீர்வண்டினம் ஒன்று விவரிக்கப்பட்டு, 'ஊசைக்ளஸ் த்ரியோ' என்று பெயர் பெற்றது. விவரித்த இருவருள் ஒருவர் அமெரிக்கர்; மற்றவர் சுரிநாமைச் சேர்ந்தவர். நடிகர் பெயரைவிட இது நேரியது. இரண்டாவது கையெழுத்து முதலாவதிலும் முக்கியமானது என்று நான் கருதுகின்றேன். பெயரிலே மக்களுக்கு இடங்கொடுப்பது எளிது. எழுதுவோர் வரிசையிலே இடங்கொடுப்பதற்குப் பயிற்சி வேண்டும், பல்கலைக்கழகம் வேண்டும், பணம் வேண்டும்.

மொழிக்கும் இஃது பொருந்தும். புதிய பெயர் இலத்தீன் எழுத்துகளிலே அமையவேண்டும் என்பது விதி. விவரணத்தை எம்மொழியிலும் எழுதலாம். ஆனாற் பரவலாக வழங்கும் மொழியிலே எழுதுக என்று அவ்விதிநூலே பரிந்துரைக்கின்றது. ஸ்பானிய மொழியிலும் போர்த்துக்கேய மொழியிலும் எழுதவல்ல வெனிசுவேலர், பிறேசிலர் இன்று பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதுகின்றனர். அவர்கள் ஊரின் ஓடையைப் பற்றி அவர்கள் ஊரின் ஆசிரியர் படிக்கவேண்டுமாயின் அகராதி தேவைப்படுகின்றது.

அண்மைக் காலத்திலே ஒரு நல்ல வழக்கம் தோன்றியுள்ளது. வெனிசுவேலாவிலே சேகரித்து அமெரிக்காவிலே ஆராயப்பட்ட நீர்வண்டுகள் பலவற்றின் மூலமாதிரிகள், மறக்காய் நகரிலுள்ள மத்திய பல்கலைக்கழகத்தின் வேளாண் விலங்கியல் நூதனசாலைக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. மூலமாதிரி அங்கே, துணைமாதிரிகள் அமெரிக்காவிலே. பேட்ஸின் காலத்துப் பயணத்திசை இவ்வாறு ஓரளவு திரும்பியிருக்கின்றது. இதனை வரவேற்கின்றேன். ஆனால் அந்நாட்டின் பொருளாதாரம் சரிந்த ஆண்டுகளிலே பல்கலைக்கழக ஊழியரின் மாதச் சம்பளம் சில டொலர்களின் பெறுமதிக்கு வீழ்ந்தது. பலர் நாட்டைவிட்டே சென்றனர். பெட்டிக்குள் அந்துருண்டை வைக்கவும், ஈரம் புகாது காக்கவும், சீட்டைப் படித்து மாணவனுக்குக் காட்டவும் அங்கே ஒருவர் இருக்கவேண்டும். மூலமாதிரியைத் திருப்பி அனுப்பும் நிறுவனங்கள் தபாற்செலவை மாத்திரம் ஏற்பது போதாது. அப்பெட்டியைத் திறந்து மூடுபவரின் ஊதியத்தையும் தம் ஆய்வுச் செலவிலே ஒரு வரியாக எழுதவேண்டும்.